படம் பிடிக்க வருகிறவர்கள்

கதை எழுதுகிறவன் என்று சொன்னால், "அது சரி, பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது நம் நாட்டில் பழைய வழக்கம். இந்தக் கேள்வியைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்பவர் என் நாவல் ஒன்றை வாங்கிப் படித்திருக்கலாம்; மொத்தம் எத்தனை பிரதி விற்றிருக்கும் என்று உத்தேசமாகக் கணக்கும் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் கணக்கு சரியான கணக்குத்தான். ஆகவே, "படப்பிடிப்புகளுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறேன்" என்று பதில் சொல்லிவிடுகிறேன்.

உடனே அவர் முகம் மலர்கிறது. "அப்படியா! எந்த நடிகரோடு?" என்கிறார். நடிகரோடு அல்ல ஐயா. வள்ளங்களோடு, ஜெனரேட்டரோடு, மீன்துறை அலுவலகத்து முத்திரையோடு, நாற்பது பேருக்குக் காலை இட்டிலியோடு என்று நான் விவரிக்க விவரிக்க அந்த மலர்ச்சி வாடிப் போகிறது. சினிமாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இட்டிலியைப் பற்றிக் கேட்கப் பொறுமையில்லை.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் கிடையாது. சென்னைக் கம்பெனிகள் 'லைன் புரொட்யூசர்' என்று எழுதுகின்றன. வெளிநாட்டார் 'ஃபிக்ஸர்' என்கிறார்கள். 'ஃப்ரீலான்ஸ் புரொட்யூசர்' என்று அச்சடித்த சீட்டு ஒன்று என் சட்டைப்பையிலும் இருக்கிறது. தயாரிப்பாளர் என்று அதை மொழிபெயர்த்தால் ஊர் சிரிக்கும். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். நான் பணம் போடுகிறவன் அல்ல, பணம் வருமென்று வாக்குக் கொடுக்கிறவன். என் தாயார் இதைத் 'தரகு' என்பாள். "எம் மவன் எழுத்துக்காரன். இப்ப கொஞ்ச நாளாத் தரகு பாக்கான்" என்று அவள் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் பொருத்தமான சொல்.

எங்கள் ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே, நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில் கடலை ஒட்டி இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம், அதற்கப்பால் மணப்பாடு. மணப்பாட்டின் மணல்மேட்டையும் அதன்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும் காமிராக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 2012-ல் வந்த 'நீர்ப்பறவை', 2013-ல் வந்த 'கடல்' ஆகிய படங்களுக்கு அங்கேதான் வந்தார்கள். அதற்குப் பிறகு விளம்பரக்காரர்கள், டாக்குமெண்டரிக்காரர்கள், கல்யாண ஜோடிகளை அலைமேல் நடக்க வைக்கிற வீடியோக்காரர்கள் என்று வரிசை நிற்கவில்லை. மணப்பாட்டில் கூட்டம் அதிகமானால் எங்கள் பக்கம் வருவார்கள். வந்து, முதலில் முகம் சுளிப்பார்கள்.

முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் மனத்தில் ஒரு கடற்கரை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதில் ஓலைக் குடிசையும், கட்டுமரமும், கோவணத்தோடு வலை வீசும் கிழவரும் உண்டு. எங்கள் கரையிலோ மெத்தை வீடுகள். கட்டுமரத்துக்குப் பதிலாக வெள்ளையும் நீலமும் அடித்த பைபர் வள்ளங்கள். கிழவர் காற்சட்டை போட்டுக்கொண்டு பேரனுக்குக் குவைத்துக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறார். கடல் கரையை அரித்துக்கொண்டே வருவதால் பாறாங்கல் போட்டுத் தடுத்திருக்கிறது. ஒரு டைரக்டர் அந்தக் கல்லைக் காட்டி, "சார், இதை ரெண்டு நாளைக்கு எடுத்து வைக்க முடியுமா?" என்று கேட்டார். நல்ல பிள்ளை. வயது இருபத்தாறு இருக்கும். கல்லை எடுத்தால் கடல் எடுத்துக்கொள்ளும் என்று நான் சொன்னதை அவர் ஒரு கவிதை என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்.

எனக்கு இந்த வேலை வந்தது கல்லூரிப் படிப்பின் பயனாக அல்ல. இரண்டு வருஷம் படித்துவிட்டு நிறுத்தியவன் நான். என் முதல் நாவலைப் படித்துவிட்டு ஒருவர் போன் பண்ணி, "உங்கள் கதையில் வருகிற மாதிரி ஒரு கரை வேண்டும்" என்றார். கதையைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேண்டியது கரை மட்டும்தான். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகக் கரையை வாடகைக்கு விட்டுக் கதையை எழுதி வருகிறேன்.

வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர்க் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். பங்குச் சாமியிடம் சொல்ல வேண்டும். போலீசுக்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும், மீன்துறைக்கும் மனு எழுத வேண்டும். பறக்கும் காமிரா என்றால் தனி அனுமதி. திருச்செந்தூரில் அறை பிடிக்க வேண்டும். தைப்பூசமோ, வைகாசி விசாகமோ, கந்த சஷ்டியோ குறுக்கிட்டால் அறை என்ற பேச்சே கிடையாது. தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். இவை எல்லாம் நடந்தால் நடக்கிற காரியங்கள். நடக்காத காரியம் ஒன்று உண்டு. அதுதான் விலை.

"ஒரு வள்ளத்துக்கு ஒரு நாள் வாடகை என்ன?"

எல்லாக் கம்பெனிகளும் கேட்கிற முதல் கேள்வி இது. வாடகைக் காருக்கு ஒரு விலை இருக்கிறது. கிரேனுக்கு, ஜெனரேட்டருக்கு விலை இருக்கிறது. வள்ளத்துக்கு இல்லை. வள்ளம் வாடகைக்கு விடுகிற சாமான் அல்லவே! அது கடலுக்குப் போனால் ஒரு நாள் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் படாது. இன்னொரு நாள் சீலா பட்டுவிட்டால் ஒரு மாசக் கடன் அடையும். வந்த பணத்தில் செலவைக் கழித்து, வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். கூலி கிடையாது, பங்குதான். தலைமுறை தலைமுறையாகப் பங்கிலே வாழ்ந்தவனிடம் போய், "உன் நாள் என்ன விலை?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

முதல் இரண்டு படப்பிடிப்பில் கம்பெனி சொன்ன தொகையைத்தான் கொடுத்தோம். குறைந்த தொகையும் அல்ல. ஐந்து வள்ளம் கரையில் நின்றது. ஆட்களுக்கு அழுக்குச் சட்டை கொடுத்து, அது போதாதென்று தேயிலைத் தண்ணீர் தெளித்து இன்னும் அழுக்காக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்று பார்த்துத்தானா சாளை வர வேண்டும்? படத்துக்கு வராத வள்ளங்கள் ஒவ்வொன்றாக வாய் முட்ட மீனோடு கரையேறின. ஏலக்காரர் குரல் எங்கள் மைக்கில் விழுந்தது. ஒலிப்பதிவுக்காரர், "யாரப்பா அங்கே சத்தம் போடுவது?" என்று சலித்துக்கொண்டார். அழுக்குச் சட்டைக்காரர்கள் இருபத்தைந்து பேரும் காமிராவைப் பார்க்காமல் ஏலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "என்ன எக்ஸ்பிரஷன்! என்ன எக்ஸ்பிரஷன்!" என்றார்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூத்த சம்மாட்டியான என் மாமா மாத்திரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது அவம் பங்கு, இது நம்ம பங்கு. அதுல ஒண்ணும் கொற இல்ல மருமவனே. ஆனா அடுத்த தடவ ஞாயித்துக்கெழமையில வையும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து படம் பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது மாமாவின் யோசனை. சாமியிடம் போய்ச் சொன்னேன். "ஆறு நாள் கடலில் கிடந்தவன் ஏழாம் நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்றுதான் ஆண்டவர் சொன்னார், ஏழாம் நாள் நடிக்கச் சொல்லவில்லை" என்றார் அவர். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நானும் மாமாவும் ஏலக்காரரும் ஓர் இரவு உட்கார்ந்து ஒரு வழி கண்டோம். படப்பிடிப்புக்கு முந்திய பதினைந்து நாள் ஏல நோட்டை எடுத்துக்கொள்வது, ஊர் வள்ளங்களின் சராசரி வரும்படியைப் பார்ப்பது, அதற்குமேல் ஒரு பங்கு சேர்ப்பது, அதுதான் விலை. வள்ளத்தை நீரில் தள்ளுவதற்கு முன்னால் பாதிப் பணம், கரையேறிய அன்றே மீதி. இது பொருளாதார சாஸ்திரத்துக்கு ஒத்துவருமா என்று எனக்குத் தெரியாது, ஊருக்கு ஒத்துவந்தது. சென்னைக் கணக்குப்பிள்ளைதான், "வள்ளத்துக்கு ஜி.எஸ்.டி. எண் உண்டா?" என்று கேட்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தார்.

விலையே பேசாமல் வள்ளங்கள் போனதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லா முழுகியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை; தாமிரபரணி கரை புரண்டு ஊர் ஊராகத் துண்டித்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிரயாணிகள் நூற்றுக்கணக்கில் ரயிலோடு மாட்டிக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வள்ளங்களை லாரியில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் ஒரு டெலிவிஷன்காரர் எப்படியோ என்னைப் போனில் பிடித்து, "மூன்று வள்ளம் வேண்டும், என்ன விலையானாலும் தருகிறோம்" என்றார். வள்ளங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இடமிருந்தால் காமிராவோடு ஒருவர் ஏறிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. காசு வேண்டாம் என்றால் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் விடக் கஷ்டமான ஒரு காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்திரை மாசக் கடைசி. ஒரு விளம்பரப் படம். எந்தச் சாமான் விற்கிற விளம்பரம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். விடியற்காலை ஐந்து வள்ளம் ஒரே வரிசையில் அலையைத் தாண்டிச் சூரியனை நோக்கிப் போக வேண்டும். நடுவிலுள்ள வள்ளத்தில் மும்பையிலிருந்து வந்த இளம் நடிகர் நிற்பார். அவருடைய கால்ஷீட் அன்று ஒரு நாள்தான். வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. காற்று இலை அசைக்கவில்லை. காமிராவை வைத்து, ஜெனரேட்டரும் ஓடத் தொடங்கிவிட்டது. மாமா மணலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, "சத்தம் சரியில்ல" என்றார்.

எனக்குப் புரிந்தது. டைரக்டருக்கு எப்படிப் புரிய வைப்பது? இதற்கு மலையாளக் கரையில் 'கள்ளக்கடல்' என்று பெயர். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், இந்து மகா சமுத்திரத்தின் தென்கோடியில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, நாட்கணக்கில் பிரயாணம் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் நம் கரையில் வந்து ஏறும். திருடனைப்போல் வருவதால் கள்ளக்கடல். சர்வதேச விஞ்ஞானிகளே 2012-ல் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான 'இன்காய்ஸ்' இப்போதெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. 2024 மே 6-ஆம் தேதி குமரி ஜில்லாவில் லெமூர் கடற்கரையில் கால் நனைக்கப் போன மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மாண்டது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். வானம் பார்த்து நம்புகிறவர்களை அது ஏமாற்றிவிடும்.

டைரக்டர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காற்றே இல்லையே, சார்! பணம் போதவில்லை என்றால் நேராகச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று அடுக்கி நிற்கிறார்கள். ஆனால் அடுத்தாற்போல் அவர் செய்த காரியம்தான் என்னை உலுக்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு நேரே இளவட்டங்களிடம் போய், இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். மாமா 'வேண்டாம்' என்று சொல்லியும் ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அதிலே ஒருவன் என் சித்தப்பா மகன். முந்தின வாரம்தான் மோட்டார் ரிப்பேருக்குக் கடன் வாங்கியிருந்தான். "அண்ணே, அஞ்சு நிமிசம். போய்ட்டு ஓடியாந்திருவோம்" என்றான் என்னிடம்.

இந்தத் தொழிலில் எனக்கு உள்ள அதிகாரம் ஒன்றே ஒன்று. வள்ளமும் ஆளும் கடலில் இறங்குவதற்கு நான் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரன் அதைத்தான் கேட்பான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு சென்னைக்கு அருகே ஒரு பெரிய படத்தின் படப்பிடிப்பில் பாரந்தூக்கி சாய்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். கடலில் வள்ளம் கவிழ்ந்தால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. நடிகருக்கு நீந்தத் தெரியுமா என்றுகூட ஒருவரும் அதுவரை கேட்கவில்லை. நான் கேட்டேன். தெரியாதாம்.

படப்பிடிப்பு நின்றது. பத்து மணி வாக்கில் அலை மணல்மேல் ஏறி வந்தது. காமிரா இருந்த இடத்தைத் தாண்டி, வலை வைக்கிற கொட்டகை வரை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வள்ளங்கள் போயிருந்தால் கட்டாயம் கவிழ்ந்திருக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. கவிழாமலும் இருந்திருக்கலாம். எங்கள் ஆட்கள் அலையைப் பிளந்து போவதில் சமர்த்தர்கள். 'இருந்திருக்கலாம்' என்கிற சொல்லின்மேல் இருபத்தாறு பேரை ஏற்றி அனுப்ப எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். என் சித்தப்பா மகன் இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை.

படம் எடுக்காத நாளுக்கு வாடகை இல்லை என்று கம்பெனி கடிதம் எழுதிற்று. என் கூலியிலும் ஒரு நாளைக் கழித்தார்கள். மிச்சம் வந்து சேர ஏழு மாசம் ஆயிற்று. வள்ளக்காரர்களுக்குப் பேசியபடி அன்று மாலையே கொடுத்திருந்தேன். எங்கிருந்து கொடுத்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்; நான் அதைப்பற்றிப் பேசாமலிருப்பதே வீட்டுக்கு நல்லது.

அந்த ஏழு மாசமும் சட்டம் படித்தேன். கதை எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகம் நல்ல வாசிப்பு. இத்தனை சொல் செலவழித்து இவ்வளவு குறைவாகச் சொல்கிற கலை வேறெங்கும் கிடையாது. சினிமாத் தொழிலாளர்களுக்கென்று 1981-ல் ஒரு சட்டம் வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அதன் உயிர்நிலை. ஆனால் அது முழுநீளக் கதைப்படத்துக்குத்தான். கதைப்படம் என்றால் என்ன என்பதற்கு அதிலே ஒரு வியாக்கியானம் இருந்தது: பல பாத்திரங்களைச் சுற்றிப் பின்னிய கதை, முக்கியமாகப் பேச்சின் மூலம் வெளிப்பட வேண்டும், வெறும் வருணனையாக இருக்கக் கூடாது, விளம்பரப் படம் சேராது. இந்த அளவுகோலைப் பிடித்தால் நம்முடைய எத்தனையோ நாவல்கள் கதையாகத் தேறா! டாக்குமெண்டரிக்காரனும் விளம்பரக்காரனும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 2020-ல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, விளம்பரம், டெலிவிஷன், இணையத் தொடர், கதையல்லாத படம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்திருக்கிறது. காகிதத்தில் நல்ல காரியம். ஆனால் வள்ளம் தள்ளுகிறவன் யார்? நடிகனா, தொழிலாளியா, வண்டிக்காரனா? சென்னையிலே ஃபெப்ஸி இருக்கிறது. 1967-லிருந்து சண்டை போட்டுச் சங்கம் வளர்த்தவர்கள். லைட் தூக்குகிறவருக்கும் தலைவாருகிறவருக்கும் கேட்க ஆள் உண்டு. ஒரு நாள் அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற கடலோடிக்கு நானும் என் நோட்டுப் புத்தகமும்தான்.

இப்படி அலுத்துப்போகிற நாட்களில் நான் ஏ. கே. செட்டியாரை எடுத்துப் படிப்பதுண்டு. கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது வயது இருபத்தைந்து. ஸ்டூடியோ கிடையாது, பெரிய முதல் கிடையாது. முப்பது வருஷ காலத்தில் ஏறக்குறைய நூறு காமிராக்காரர்கள் உலகத்தின் பல மூலைகளிலும் எடுத்துப் போட்டிருந்த படச்சுருள்களைத் தேடி லட்சம் மைல் அலைந்தார். ஐம்பதாயிரம் அடி சேர்த்தார். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளிவந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சர்க்கார் என்ன செய்யுமோ என்ற பயம் வேறு.

அந்த அனுபவங்களை அவர் எழுதியிருக்கிறார். படித்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. அதில் பெரும்பாகம் காமிராவைப் பற்றியதல்ல. கடிதம் எழுதியது, பதிலுக்குக் காத்திருந்தது, ஒரு பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது, கொடுக்கிறேன் என்றவர் கொடுக்காதது, கொடுக்க மாட்டார் என்று நினைத்தவர் கொடுத்தது. இதுதான் புரொட்யூசர் வேலை! என்னைக் காட்டிலும் நூறு மடங்கு பெரிய காரியத்தைச் செய்தவர், தம்மைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேச முடியுமோ அவ்வளவு குறைவாகப் பேசினார். இந்தக் கட்டுரையில் நான் அந்த விஷயத்தில் அவரைப் பின்பற்றவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு வெளிநாட்டுக் கோஷ்டி வந்தது. முத்தைப் பற்றி டாக்குமெண்டரி. அனுப்பிய பட்டியலில், 'முத்துக் குளிப்போர் – 3' என்று கண்டிருந்தது, தண்ணீர் புட்டி இத்தனை, குடை இத்தனை என்பதற்கு நடுவில்.

இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல் என்று பதில் எழுதினேன். 1955-லிருந்து ஆறேழு வருஷம் நடந்து, அத்தோடு நின்றுவிட்டது. பிறகு பாரில் குளிப்பு நடத்துகிற அளவுக்குச் சிப்பி விளையவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைவித்தார்கள். அது வேறு கதை. சங்கு குளிக்கிறவர்கள் தூத்துக்குடியில் இன்றும் இருக்கிறார்கள், வேண்டுமானால் அவர்களை அழைத்து வருகிறேன் என்றும் எழுதினேன். "நல்லது, அவர்களே குளிக்கட்டும். நீருக்கடியில் யாருக்கு வித்தியாசம் தெரியும்?" என்று பதில் வந்தது.

எனக்குத் தெரியுமே! சங்கு குளிக்கிறவருக்கும் தெரியும். தம் தொழிலைச் சொல்ல வெட்கப்படுகிறவர் அல்ல அவர். சங்கு குளிக்கிறவரைச் சங்கு குளிக்கிறவர் என்றே படத்தில் சொல்வதானால் ஏற்பாடு செய்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதிவிட்டு, அதோடு ஒரு வரி சேர்த்தேன்: உண்மையாகவே முத்துக் குளித்த ஒருவர் என் ஊரில் உயிரோடு இருக்கிறார்.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. 1961-ல் பதினெட்டு. நான் பெரியப்பா என்று கூப்பிடுகிற உறவு. காமிராவுக்கு முன்னால் பெஞ்சியில் உட்கார்ந்து, யாரும் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். கல்லில் காலை வைத்து இறங்குவது, மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது, ஏனென்றால் தங்கச்சி தாலிக்கு அவன்தானே பயப்படுவான் என்பது, எல்லாம் சொன்னார். எடுத்த சிப்பியில் சர்க்காருக்கு இரண்டு பங்கு, குளித்தவனுக்கு ஒரு பங்கு. சர்க்கார் பங்கை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். (சினிமாவையும் பெட்டியைத் திறக்காமலே வாங்குவார்கள் என்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.)

டைரக்டரம்மாள் என் மூலம் கேட்டாள்: "நீங்கள் எடுத்ததிலே மிகப் பெரிய முத்து எது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நான் எங்கலே முத்தக் கண்டேன்? சிப்பியத்தான் கண்டேன். முத்த ஏலம் எடுத்தவன் கண்டான்."

"உங்கள் பங்குச் சிப்பியில்?"

"அதயும் தொறக்காமத்தான் வித்தேன். தொறந்து பாத்து ஒண்ணுமில்லன்னா வீட்டுல அரிசிக்கு என்ன செய்ய?"

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காமிராக்காரரைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்தச் சொன்னாள். கல்லைப் பிடித்துக்கொண்டு அலையில் நடக்கச் சொல்கிற காட்சி ஒன்று பாக்கியிருந்தது. அதை அவளே அடித்துவிட்டாள். பெரியப்பாவுக்குத்தான் ஏமாற்றம். முழங்கால் அளவாவது இறங்கிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினார்.

கடைசியில் ஒப்பந்தக் காகிதம் வந்தது. தாம் பேசியதையும் தம் உருவத்தையும் எந்த வடிவத்திலும், எக்காலத்துக்கும், 'பிரபஞ்சம் முழுவதும்' பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவதாக அதில் இருந்தது. இது என்னுடைய கற்பனை அல்ல. எல்லாக் கம்பெனிக் காகிதங்களிலும் இப்படித்தான் இருக்கிறது. நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிரபஞ்சம் வந்ததும் பெரியப்பா நிறுத்தினார்.

"பிரபஞ்சம்னா, மேலயும் போட்டுக் காட்டுவாவளோ?"

"காட்டலாம், பெரியப்பா."

"அப்ப உங்க பெரியம்ம பாப்பா" என்றார். அது அவருக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. தொகையைச் சொன்னேன். நல்ல தொகை. அவர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "மூணுல ஒண்ணு உண்டுமா?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை. இந்தப் படத்தை அவர்கள் வேறிடத்தில் விற்பார்கள் அல்லவா? அப்போது ஏலம் போகிற தொகையில் குளித்தவன் பங்கு என்ன என்றுதான் கேட்டார். டைரக்டரம்மாள் தன் ஊருக்குப் போன் போட்டாள். அங்கே வக்கீல் முடியாது என்றார். அவள் மறைக்காமல் அதை அப்படியே சொன்னாள்.

பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, காகிதத்தின் அடியில் தம் கையாலேயே ஒரு வரி எழுதினார்: 'இதை மறுபடி விற்றால் எனக்குச் சொல்லி அனுப்பவும்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த வரியை நான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கம்பெனிக்குத் தனியாக எழுதினேன். 'பெற்றுக்கொண்டோம், கோப்பில் சேர்த்துவிட்டோம்' என்று மரியாதையாகப் பதில் வந்தது.

படம் மூன்று தேசங்களில் ஓடியிருப்பதாகக் கேள்வி. சொல்லி அனுப்பியவர்கள் இதுவரை யாருமில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, முதல் வெள்ளிப் பூசை முடிந்து வரும்போது, பெரியப்பா என் வீட்டு நடையில் நின்று தாக்கல் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.